ஊற வைக்காத பானை

கிறிஸ்துமஸ் லீவுக்கு முந்தின வாரத்தில்தான் எங்கள் பள்ளியில் எனக்கு மதிப்பு அதிகம். கூடலூரில் ஒரு சின்ன நர்சரி பிரைமரிப் பள்ளியில் வேலை பார்க்கிறேன். ஒவ்வொரு விடுமுறைக்கும் பிள்ளைகள் கையால் எதையாவது செய்து எடுத்துவர வேண்டும். எதைச் செய்வது, எப்படிச் செய்வது என்று பெற்றோர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கு அனுப்புவது என் பொறுப்பு. மற்ற டீச்சர்கள் என் மேசையைச் சுற்றி நின்று, "அஞ்சாம் வகுப்புக்கு ஏதாச்சும் எடுத்துக் குடுங்க மிஸ்" என்பார்கள். நான் கைபேசியைத் திறந்து, இரண்டு தட்டில் எடுத்துக் கொடுப்பேன்.

படங்களைச் சேர்த்து வைக்கிற செயலி ஒன்றில் எனக்குக் கணக்கு இருக்கிறது. அதில் ஆல்பம் மாதிரி போர்டு போர்டாகப் பிரித்து வைத்திருப்பேன். முதலில் பண்டிகைவாரியாகப் பிரித்தேன். பிறகு அது போதாமல், கையில் கிடைக்கும் பொருளை வைத்தும் பிரித்தேன். ஐஸ் குச்சிக்கு ஒன்று, முட்டை ஓட்டுக்கு ஒன்று, தேங்காய்ச் சிரட்டைக்கு ஒன்று, திராட்சைப் பெட்டி அட்டைக்கு ஒன்று, பழைய சேலைக்கு ஒன்று. பரிசுகளுக்குத் தனி போர்டு. எல்லாவற்றுக்கும் இங்கிலீஷில் பெயர். எங்கள் வீட்டில் இங்கிலீஷில் பெயர் எழுதி ஒன்றை அடுக்கி வைத்த முதல் ஆள் நான். இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் கிடையாது.

அம்மா கைநாட்டு. அக்கா எட்டாவது வரை போனாள். அதற்குப் பிறகு அம்மாவோடு ஜீப்பில் ஏறிவிட்டாள். கூடலூரில் விடியும் முன்பே ஜீப்புகள் வரிசையாக நிற்கும். பெண்கள் நெருக்கியடித்து ஏறி, மலை ஏறி, குமுளிக்கு அந்தப் பக்கம் ஏலத் தோட்டங்களுக்குப் போவார்கள். அக்கா பத்து வருடம் அப்படிப் போனாள். சாயங்காலம் திரும்பி வந்து, நான் வீட்டுப்பாடம் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே சாப்பிடுவாள். என் படிப்பு அவள் முதுகில் ஏறி வந்தது என்பது எனக்குத் தெரியும். அவள் ஒருநாளும் அதைச் சொல்லிக் காட்டியதில்லை.

அவளுக்கு ஆவணியில் கல்யாணம் ஆனது. ஆண்டிபட்டிக்குப் பக்கத்தில் ஒரு ஊர். மாமியார் வீட்டில் வானம் பார்த்த பூமி கொஞ்சம். அக்காவின் வீட்டுக்காரர், என் மாமா, தறிப்பட்டறையில் வேலை செய்கிறார். மூத்த மருமகள் அதே ஊர்க்காரி, வசதியான வீட்டுப் பெண். அவளுக்குத் தலைப்பொங்கல் சீர் வேனில் வந்ததாம். இதை அக்கா கார்த்திகை மாதம் போனில் சொன்னாள். அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்.

"நமக்கு வேன் எல்லாம் வேணாம்டி. ஆனா பானை மட்டும் நல்லதா இருக்கணும். இங்கன மண்பானைதான் வழக்கமாம். பொறந்த வீட்டுப் பானையில புதுசா வந்தவ வாசல்ல பொங்க வைக்கணுமாம். தெருவே வந்து நின்னு பாக்குமாம். பால் நல்லாப் பொங்குச்சுன்னா அவதான் அந்த வருசம் விதைப்புக்கு மொத விதை எடுத்துக் குடுக்கணும். வீட்டுல எந்த நல்லது நடந்தாலும் அவ கைதான் முன்னால. அத்தை சொன்னாக."

"நீ கவலைப்படாதக்கா. பானை என் பொறுப்பு" என்றேன்.

எங்கள் வீட்டில் ஆண் பிள்ளை இல்லை. அப்பா கம்பம் காய்கறி மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறார். சீர் கொண்டுபோக வேண்டிய தம்பியின் இடத்தில் நான் நின்றேன். மற்ற வீட்டுத் தம்பிகள் கடையில் வாங்கிக்கொண்டு போவார்கள், நான் செய்துகொண்டு போவேன் என்று நினைத்தேன். மூத்த மருமகளின் வேனை என் கைவேலையால் ஜெயிக்க வேண்டும் என்றும் நினைத்தேன். அதை ஒளிப்பானேன்?

அரையாண்டு லீவு விட்டதும் வேலையைத் தொடங்கினேன். அம்மா கம்பம் சந்தையில் தட்டிப் பார்த்து வாங்கி வந்த பானை அது. கணீரென்று சத்தம் வந்தது. பொங்கல் போர்டில் நான் சேர்த்து வைத்திருந்த படங்களில் ஒன்றை எடுத்துக்கொண்டேன். யாரோ எங்கோ செய்த பானை. செம்மண் நிறத்தில் அடிப்பூச்சு, அதன் மேல் வெள்ளையில் கோலம், கழுத்தைச் சுற்றிச் சின்னக் கண்ணாடிச் சில்லுகள், எல்லாவற்றுக்கும் மேலே வார்னிஷ். நான்கு நாள் ஆனது. அடிப்பாகத்தையும் விடவில்லை. கவிழ்த்து வைத்து அங்கேயும் ஒரு தாமரை போட்டேன். அந்தத் தாமரை நெருப்பில்தான் உட்காரப் போகிறது என்பது ஏன் எனக்குத் தோன்றவில்லை என்று பல முறை யோசித்திருக்கிறேன். தோன்றவில்லை, அவ்வளவுதான். படத்தில் அந்தப் பானை ஒரு மர ஸ்டூலின் மேல் இருந்தது.

அம்மா ஜீப்பிலிருந்து இறங்கி வந்தவள், வாசலில் காய்ந்துகொண்டிருந்த பானையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் இருக்கு. புதுப்பானையாச்சே, அரிசி கழுவுன கழனித்தண்ணியில மூணு நாள் ஊறப் போட வேணாமா?"

"பெயிண்ட் அடிச்சாச்சும்மா. தண்ணியில போட்டா உரிஞ்சுக்கிட்டு வந்துரும்."

"ஊறாத பானை அடுப்பு தாங்குமா?"

"வார்னிஷ் மூணு தடவ அடிச்சிருக்கேன். பேசாம இரும்மா, நான் எல்லாம் படிச்சுப் பாத்துட்டுத்தான் செய்றேன்."

பக்கத்து வீட்டுப் பெண் எட்டிப் பார்த்தபோது அம்மா, "எங்க வீட்டு டீச்சரம்மா சொல்லிட்டாக. இனி நாம வாயத் தொறக்கப்புடாது" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பில் பெருமைதான் இருந்தது.

உண்மையில் நான் படிக்கவில்லை. அந்தப் படத்துக்குக் கீழே இங்கிலீஷில் நாலு வரி இருந்தது. முதல் வரியைப் படித்தேன். என்ன பெயிண்ட் என்று அதிலேயே தெரிந்துவிட்டதால் மற்றதை விட்டுவிட்டேன். அலங்காரத்துக்கு மட்டும், அடுப்பில் வைக்கக் கூடாது என்று மூன்றாவது வரியில் இருந்தது.

போகி அன்று நானும் அம்மாவும் புறப்பட்டோம். தெருவில் வீட்டுக்கு வீடு வேப்பிலையும் ஆவாரம்பூவும் பூளைப்பூவும் சேர்த்துக் காப்புக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கரும்பு, மஞ்சள் கொத்து, பச்சரிசி, வெல்லம், அக்காவுக்குச் சேலை, மாமாவுக்கு வேட்டி எல்லாம் அம்மாவிடம். பானை என் மடியில். அக்காவின் மாமியாரான அத்தைக்கு அம்மாவின் பழைய பட்டுச் சேலையில் ஒரு சுருக்குப் பை தைத்திருந்தேன். மூத்த மருமகளின் சின்னப் பெண்ணுக்கு அட்டையில் ஒரு மாட்டு வண்டி. தேனியில் பஸ் மாறியபோது கண்டக்டர் பானையைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா, இம்புட்டுச் சோடிச்சு வச்சிருக்கீக? பானையப் பொண்ணு பாக்க வாராகளா?"

"பாக்குறதெல்லாம் முடிஞ்சுருச்சு. இது புகுந்த வீட்டுக்குப் போகுது" என்றாள் அம்மா. பஸ்ஸில் முன்னால் இருந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அக்கா வீட்டு வாசலில் தட்டுகளை இறக்கி வைத்ததும் தெருப் பெண்கள் கூடிவிட்டார்கள். ஒரு கிழவி பானையின் கழுத்தில் குனிந்து, "ஏ ஆத்தா, எம் மொகம் தெரியுதே இதுல!" என்றாள். அக்கா என் தோளைப் பிடித்து முன்னால் தள்ளினாள். "என் தங்கச்சி. எல்லாத்தையும் போன்ல பாத்தே செஞ்சிரும். காலேஜு முடிச்சிருக்கு" என்று வருகிறவர்கள் எல்லோரிடமும் சொன்னாள். அவள் முகம் அன்று மாதிரி ஒளிர்ந்து நான் பார்த்ததில்லை. கல்யாணத்தன்றுகூட இல்லை.

மூத்த மருமகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து நின்று பார்த்துவிட்டு, "இது பொங்க வைக்கவா, ஷோகேஸுல வைக்கவா?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

"ரெண்டுக்கும் ஆகும்க்கா" என்றேன் சட்டென்று. அப்போதும் சிரித்தார்கள். அவளைத் தோற்கடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

நாங்களும் வீட்டில் பொங்கல் வைக்க வேண்டும் என்பதால் சாப்பிட்டுவிட்டு உடனே கிளம்பினோம். வீடு வந்து சேர்ந்து விளக்கேற்றுகிற நேரத்தில் அக்கா போன் செய்தாள்.

"ஏடி, பானைய ஊற வச்சுட்டியான்னு அத்தை கேக்குறாக. இப்பவாச்சும் தண்ணிய ஊத்தி வைக்கவா?"

"ஐயோ, வேணாம்க்கா. கோலமெல்லாம் போயிரும். அப்படியே அடுப்புல வை."

"ஒண்ணும் ஆகாதுல்ல?"

"ஆகாது."

"சரி" என்றாள். அவ்வளவுதான் பேசினோம்.

மறுநாள் காலை எங்கள் வீட்டில் பொங்கி முடித்ததும் நானே கூப்பிட்டேன். வெகுநேரம் மணி அடித்த பிறகு எடுத்தாள். "பொங்கிருச்சாக்கா?" என்று கேட்டேன்.

"ம். பொங்கிருச்சு" என்றாள்.

நான் பானையின் படத்தை அந்தச் செயலியில் போட்டேன். எப்படிச் செய்வது என்று படிப்படியாக இங்கிலீஷில் எழுதினேன். முன்பின் தெரியாத ஆட்கள் அதைத் தங்கள் போர்டுகளில் சேர்த்துக்கொண்டார்கள். லீவு முடியும்வரை அந்த எண்ணிக்கை கூடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மாசியில் மூத்த மருமகளின் பெண்ணுக்குக் காது குத்து. நானும் அம்மாவும் போயிருந்தோம். பந்தியில் அத்தை என் பக்கத்தில் வந்து நின்று, இலையில் கூட்டு வைக்கச் சொல்லிவிட்டு, எதிரே இருந்த உறவுக்காரப் பெண்களிடம் பேச ஆரம்பித்தார்.

"இதுதான் சின்னவளோட தங்கச்சி. பொங்கலுக்கு என்னமாப் பானை செஞ்சு கொண்டாந்துச்சு தெரியுமா? எங்க வீட்டுக்கு வந்தவளுக்குத்தான் குடுத்து வைக்கல. புதுப்பானைய ஊற வைக்கணும்னு தெரிய வேணாம்? மொத நாளே கேட்டேன், பாத்துக்கிறேன் அத்தைன்னா. பெறகு அப்படியே தூக்கி அடுப்புல வச்சுட்டா. மொதல்ல பெயிண்ட் பொசுங்கி ஒரே கரும்புகை. தெருவெல்லாம் நாத்தம். பால் சூடேறக்குள்ள அடியில விரிசல் விட்டு, அம்புட்டுப் பாலும் அடுப்புக்குள்ள எறங்கி நெருப்பு அணைஞ்சுபோச்சு."

"பொங்கவே இல்லியா?" என்று ஒருத்தி வாயில் கை வைத்துக் கேட்டாள்.

"எங்க பொங்க? ஏன்டி ஊற வைக்கலன்னு கேட்டா, மறந்துட்டேன் அத்தைன்னு நிக்கிறா. பெயிண்ட் அடிக்கச் சொன்னதும் இவதானாம். பெறகு மூத்தவ ஓடிப்போயி வேற பானை எடுத்தாந்து வச்சா." அத்தை என் தலையைத் தடவினார். "நீயாச்சும் படிச்ச புள்ள. அக்காளுக்கு ரெண்டு வார்த்த சொல்லிக் குடுத்திருக்கக் கூடாதா?"

நிமிர்ந்து பார்த்தேன். அக்கா ரசவாளியோடு இரண்டு இலை தள்ளி நின்றாள். என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினாள். பேசாதே என்று அர்த்தம். நான் குனிந்து சோற்றைப் பிசைந்தேன். அவள் என் இலைக்கு வந்து ரசம் ஊற்றிவிட்டு அடுத்த இலைக்குப் போனாள்.

கொல்லைப்புறத்தில் அவள் பாத்திரம் கழுவும்போது பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க்கா எங்கிட்டச் சொல்லல? ஏன் எல்லாம் ஒன் தப்புன்னு சொன்ன?"

"மெதுவாப் பேசு." அவள் சாம்பலைத் தொட்டு அண்டாவைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். "ஒன்னயப் பத்தி இங்கன எல்லார்கிட்டயும் பெருமையாச் சொல்லி வச்சிருக்கேன். என் தங்கச்சி படிச்சவ, என் தங்கச்சிக்குத் தெரியாதது இல்லன்னு. நான் இந்த வீட்டுக்குக் கொண்டாந்த சீரு அது ஒண்ணுதான்டி. அதையும் போட்டு ஒடைக்கச் சொல்றியா?"

நான் அழுதேன். அவள் அழவில்லை. "போ, போயி அம்மாகிட்ட உக்காரு. கண்ணத் தொடச்சுட்டுப் போ" என்றாள்.

பந்தியில் அத்தை பேசியது அம்மாவின் காதிலும் விழுந்திருந்தது. திரும்பி வரும் பஸ்ஸில் ஆண்டிபட்டி தாண்டியதும் கேட்டாள்.

"அடுப்புல வைக்கலாம்னு அந்தப் போன்ல எழுதியிருந்துச்சா?"

"இல்லம்மா. நான் அதை முழுசாப் படிக்கல."

அம்மா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அந்த நாளுக்குப் பிறகு அவளிடம் ஒரு பழக்கம் வந்திருக்கிறது. மருந்து அட்டையை என்னிடம் கொடுத்துப் படிக்கச் சொல்வாள். நான் படித்துச் சொன்னதும் சரி என்பாள். பிறகு முந்தானையில் முடிந்து எடுத்துப்போய், மருந்துக் கடையிலும் ஒரு முறை கேட்டுக்கொள்வாள்.

செயலியில் போட்டிருந்த படத்தின் கீழே, இது அலங்காரத்துக்கு மட்டும் என்று முதல் வரியாகச் சேர்த்தேன். ஆட்கள் இன்னும் அதைச் சேமித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று தெரியாது.

புரட்டாசியில் அக்கா வீட்டுக் காட்டில் விதைப்பு. அன்று சாயங்காலம் போனில், "வெதச்சாச்சுடி. மழையும் லேசா விழுந்துச்சு" என்றாள். முதல் விதையை யார் எடுத்துக் கொடுத்தது என்று கேட்டேன். "மூத்தவுகதான். நான் பின்னால கஞ்சி கொண்டு போனேன்" என்றாள், அது ஒரு விஷயமே இல்லை என்பது போல. தெருவில் ஒரு கல்யாண வீட்டில் மஞ்சள் இடிக்கக் கூப்பிட்டபோதும் அத்தை மூத்தவளை அனுப்பினாராம். இப்படி ஒவ்வொன்றாக, நான் தோண்டிக் கேட்டால் மட்டும் வரும். அவளாகக் குறைப்பட்டுக்கொண்டதே இல்லை. அவளது கை பின்னால் போய்விட்டது. பத்து வருடம் ஏலச்செடிகளுக்கு நடுவே புகுந்து எங்கள் வீட்டை நடத்திய கை.

அடுத்த பொங்கலுக்குள் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன். அக்காவிடம் கேட்கவில்லை. கேட்டால் தடுப்பாள். அந்த லீவில் நான் எதையும் செய்யவில்லை. அம்மா தேனிக்குப் போய், பாத்திரக் கடையில் தானே பார்த்து ஒரு வெண்கலப் பானை வாங்கி வந்தாள். என்னிடம் காட்டக்கூட இல்லை. துணியில் சுற்றி வைத்துவிட்டாள்.

போகியன்று போய்ச் சீரை வைத்ததும், கூட்டம் கலையும் முன்பே அத்தையின் எதிரே போய் நின்றேன்.

"அத்தை, போன வருசம் பானை ஒடஞ்சது அக்காவால இல்ல. பெயிண்ட் அடிச்சது என் யோசனை. ஊற வைக்கவான்னு அக்கா போன் போட்டுக் கேட்டுச்சு. வேணாம்னு சொன்னது நான். அக்கா எனக்காகப் பொய் சொல்லியிருக்கு."

அத்தை என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு என் மோவாயைப் பிடித்து ஆட்டினார்.

"பாத்தீகளா, அக்கா மேல உசுரு! பழியத் தான் வாங்கிக்கப் பாக்குது. ஏ ஆத்தா, எழுத்து வாசனை இல்லாத எனக்கே பானைய ஊறப் போடணும்னு தெரியும். காலேஜு படிச்ச புள்ளைக்குத் தெரியாமலா இருக்கும்?"

"நெசமாத்தான் அத்தை. இங்க பாருங்க." நான் கைபேசியைத் திறந்து, போர்டில் அந்தப் பழைய படத்தை எடுத்துக் காட்டினேன். "இங்க எழுதியிருக்கு, அடுப்புல வைக்கக் கூடாதுன்னு. இதை நான் படிக்காம விட்டுட்டேன்."

அத்தை கைபேசியை வாங்கித் தூரத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா அழகா இருக்கு" என்று பக்கத்தில் இருந்தவளிடம் நீட்டினார். அவள் விரலால் படத்தைப் பெரிதாக்கிக் கண்ணாடிச் சில்லுகளைப் பார்த்தாள். கைபேசி நாலைந்து கை மாறித் திரும்பி வந்தது. கீழே இருந்த எழுத்தை யாரும் பார்க்கவில்லை.

"ஒரு வருசம் கழிச்சு எப்படி ஞாபகம் வந்துச்சாம்?" என்று மூத்த மருமகள் யாரையும் பார்க்காமல் சொன்னாள். "உள்ளருந்து சொல்லிக் குடுத்தா வரத்தான் செய்யும்."

அத்தை திரும்பி அக்காவை ஒரு பார்வை பார்த்தார். அதுவரை அந்த வீட்டில் அக்கா மறதிக்காரி மட்டும்தான். அந்தப் பார்வைக்குப் பிறகு தங்கச்சியைத் தூண்டிவிட்டுத் தப்பிக்கப் பார்ப்பவளாகவும் ஆகிவிட்டாள்.

அக்கா எங்களைப் பஸ் ஏற்றிவிட வந்தாள். வழியெல்லாம் அம்மாவோடு மட்டும் பேசினாள். அம்மாவின் முழங்கால் வலி, அப்பாவின் இருமல். பஸ் வந்ததும் என் கையில் பையைக் கொடுத்துவிட்டு மெதுவாகச் சொன்னாள்.

"அடுத்த வருசம் அம்மாவ மட்டும் அனுப்பு."

பஸ் நகர்ந்தபோது அவள் திரும்பி நடக்க ஆரம்பித்திருந்தாள்.

மறுநாள் காலை மாமா ஒரு வீடியோ அனுப்பியிருந்தார். அரை நிமிடம் ஓடும். வாசலில் பெரிய கோலம், நடுவே அடுப்பு, அதில் எங்கள் அம்மா வாங்கிய வெண்கலப் பானை. மூத்த மருமகள் கரண்டியோடு குனிந்து நிற்கிறாள். தொடக்கத்தில் அக்கா இடது ஓரத்திலிருந்து வருகிறாள். குத்துக்காலிட்டு உட்கார்ந்து, விறகைத் தள்ளி, கண்ணைச் சுருக்கிக்கொண்டு ஊதுகிறாள். நெருப்பு பிடித்துக்கொள்கிறது. அவள் எழுந்து, சேலையைத் தட்டிவிட்டு, வந்த பக்கமே போய்விடுகிறாள். அதற்குப் பிறகுதான் நுரை மேலே வருகிறது, பெண்கள் குலவை போடுகிறார்கள், பால் நான்கு பக்கமும் வழிகிறது.

பலமுறை போட்டுப் பார்த்துவிட்டேன். ஒவ்வொரு முறையும், பால் பொங்குவதற்கு முன்னால் அவள் போய்விடுகிறாள்.